நான் பார்த்திராத தொட்டியில் பதினெட்டு மாதங்கள்

1

போன வியாழக்கிழமை நாங்கள் மூவரும் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ப் புதிய அட்டைகளை வாங்கிவந்தோம். திரும்பும் டிராமில் என் கணவர் சேகர் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய அட்டையின்படி, எனக்கு இன்ன நிறுவனத்தில் வேலை இருக்கும்வரைதான் எங்கள் குடும்பம் இந்த நாட்டில் இருக்கலாம். புதியதில் அந்த நிபந்தனை இல்லை. மகள் இனியா தன்னுடையதைப் பார்க்கக்கூட இல்லை. பதின்மூன்று வயது. ஜன்னல் பக்கம் திரும்பி, யாரோ ஒரு தோழிக்கு டச்சில் குரல்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நெதர்லாந்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கமிருந்து பாலிடெக்னிக் முடித்தவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். ஒரு நாட்டில் வேலை, இன்னொரு நாட்டில் ஏஜென்சி என்கிறார்களே, அதை நம்பி வரலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பதிலிலும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டே எழுதியிருக்கிறேன். அட்டை கைக்கு வந்துவிட்டது. இனி விட்டுவிடக் காரணம் இல்லை.

2

என் ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில், மண்ணியாற்றுத் தண்ணீர் பாயும் ஒரு சிற்றூர். அம்மா பாக்கியம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்களை வளர்த்தவர். கொள்ளிடத்துக்கு அக்கரையில் நடவென்றால் மேஸ்திரி ஒருவர் வந்து ஆள் எடுப்பார். யாருடைய வயல், எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் போய் இறங்கிய பிறகுதான் தெரியும். இருபது பேர் வருவார்கள் என்று வயல்காரரிடம் சொல்லியிருப்பார். வேனில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். அந்தப் பதினைந்து பேர் பொழுது சாய்வதற்குள் இருபது பேர் வேலையை முடிக்க வேண்டும். முடியாது என்றால் மேஸ்திரியிடம்தான் சொல்ல முடியும். வயல்காரர் யாரென்றே அம்மாவுக்குத் தெரியாது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துத் திருச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பற்றவைத்த இரும்பின் உள்ளே விரிசலோ ஓட்டையோ இருக்கிறதா என்று ஒலியலை விட்டுப் பார்ப்பதை அங்கேதான் கற்றேன். வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் போலத்தான் இதுவும். கூழைத் தடவி, கருவியை மெல்ல நகர்த்தி, திரையில் எழும் கோடுகளைப் படிக்க வேண்டும். சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு அந்த இணைப்பை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

திருச்சிக்குப் பிறகு கத்தாரில் மூன்று வருடம். அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையின் நீராவிக் குழாய்களைச் சோதித்தேன். பிறகு ஒரு நிறுவனம் எங்களை ராட்டர்டாமுக்குக் கொண்டுவந்தது. இரண்டு வருடத்தில் அந்த நிறுவனம் இங்குள்ள கிளையை மூடிவிட்டது. அப்போதுதான் ஒப்பந்த வேலைக்கு மாறினேன். டேரன் என் வாழ்க்கைக்குள் வந்தார்.

டேரன் இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்சிக்காரர். துறைமுகத்தில் எனக்கு வேலை வாங்கித் தருவது அவர். சம்பளம் போடுவதும், விசாக் காகிதத்தில் முதலாளி என்று கையெழுத்திடுவதும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள வேறொரு நிறுவனம். வேலை கொடுப்பவர் மூன்றாவது ஆள். டேரனின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவருடைய அலுவலகத்துக்கு நான் போக வேண்டுமென்றால் அதற்கே எனக்கு ஒரு விசா வேண்டும்.

வளர்மதி என்ற பெயரை முதல் அழைப்பிலேயே அவர் 'வால்' என்று வெட்டிவிட்டார். அங்கே பெண்களுக்கு அப்படி ஒரு பெயர் உண்டாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "சின்னதுல உன்னை நாங்க சொன்னதைத்தான் அவரும் சொல்றாரு" என்று சிரித்தார்.

கெட்ட மனிதர் என்று டேரனைச் சொல்ல மாட்டேன். இனியாவுக்கு அம்மை போட்டிருந்தபோது ஒரு வாரம் விடுப்பு வாங்கித் தந்தார். கிறிஸ்துமஸ் வாழ்த்து தவறாமல் வரும். வெள்ளிக்கிழமை மதியம் நேர அட்டையை அனுப்பினால் போதும், மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். நானும் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என் வேலை விண்ணப்பத்தையும் சேர்த்து.

3

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆலையின் பராமரிப்பு வேலை முடிந்து என் ஒப்பந்தமும் முடிந்தது. எங்கள் அட்டைக்கு இருந்த விதிப்படி, வேலை நின்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அடுத்த ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மூவரும் கிளம்ப வேண்டும். ஏழாவது வாரம் டேரன் கூப்பிட்டார். துறைமுகத்துக்கு வெளியே, குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயுவுக்குப் புதிதாகத் தொட்டி கட்டுகிறார்கள், நாளை மறுநாள் நேர்காணல், போய் வாருங்கள் என்றார்.

சோதனைப் பிரிவின் தலைவர் ஹென்க் என்னை ஒரு இரும்புக் கொட்டகை அறையில் உட்கார வைத்தார். அறுபதை நெருங்கும் மனிதர், தணிந்த குரல். அவர் முன்னால் என் விண்ணப்பம் அச்சாகிக் கிடந்தது. நான் டேரனுக்கு அனுப்பியது இரண்டு பக்கம். மேஜையில் இருந்தது நான்கு பக்கம். பேசிக்கொண்டே தலைகீழாகப் படித்தேன். கத்தார், குளிர் எரிவாயுத் தொட்டி, நிக்கல் எஃகு இணைப்புகள், பதினெட்டு மாதம். அந்தப் பதினெட்டு மாதமும் நான் நீராவிக் குழாய்க்குக் கீழே குனிந்து கிடந்தேன். அந்தத் தொட்டி எந்தத் திசையில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஹென்க் அந்த வரியில் விரலை வைத்து, கத்தார் அனுபவம் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம் என்றார்.

"கத்தாரில் மூன்று வருடம் இருந்தேன்" என்றேன்.

அது பொய் இல்லை. அதைத்தான் அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்ததும் டேரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: இப்போதெல்லாம் விண்ணப்பங்களை முதலில் கணினிதான் படிக்கிறது, குறிப்பிட்ட சொற்கள் இல்லையென்றால் தள்ளிவிடும், அதனால் கொஞ்சம் ஒழுங்கு செய்தோம், நீங்களும் கத்தாரில்தான் இருந்தீர்கள், தொட்டியும் கத்தாரில்தான் இருந்தது. திருத்தி அனுப்புங்கள் என்று கேட்டேன். வேலை உறுதியான பிறகு பார்க்கலாம் என்றார். அடுத்த நாள் உறுதியாகிவிட்டது. நான் மறுபடி கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன். இனியாவுக்கு அப்போது பதினொரு வயது. "அவங்க எழுதினதுதானே அம்மா. நீ எழுதலயே" என்றாள். அவள் கணக்கில் அதோடு விஷயம் முடிந்தது. இரண்டு வாரம் என் கணக்கிலும் முடிந்துதான் இருந்தது.

4

நிக்கல் எஃகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரண எஃகில் ஒலி நேராகப் போய் நேராகத் திரும்பும். இந்தத் தொட்டியின் இணைப்புகளில் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பெரியவை. ஒலி அதற்குள் வளையும், சிதறும். ஓட்டை இல்லாத இடத்தில் இருப்பது போலத் தெரியும், இருக்கும் இடத்தில் தெரியாமலும் போகலாம். அதற்கென்று தனிக் கருவி, தனிப் பயிற்சி உண்டு. நான் அதைப் புத்தகத்தில் படித்தேன். விடிகாலையில் எழுந்து, வேலைக்குக் கிளம்பும்வரை படித்தேன். நன்றாகவே படித்தேன். பத்து நாளில் பதினோரு இணைப்புகளுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாவது இணைப்பில் ஒரு கோடு எழுந்தது. ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் தெளிவாக இருந்தது. கருவியைச் சற்றுத் திருப்பினால் காணவில்லை. சாதாரண எஃகாக இருந்தால் பார்த்தவுடன் சொல்லியிருப்பேன். இங்கே அது உலோகத்தின் மணியா, உள்ளே ஒட்டாமல் போன இடமா என்று எனக்குத் தெரியவில்லை. கூழைத் துடைத்துவிட்டு மறுபடி தடவிப் பார்த்தேன். அப்போதுதான் அது உறைத்தது. இதைத் தெரியவில்லை என்று சொல்கிறேன். அப்படியானால் முன்னால் போட்ட பதினொன்றையும் தெரிந்துதான் போட்டேனா?

மதிய உணவு நேரத்தில் நாசர் பாயிடம் சொன்னேன். கூத்தாநல்லூர்க்காரர், அளவுக் கருவிகள் பொருத்தும் பிரிவில் இருந்தார். அவரும் அதே இங்கிலாந்து ஏஜென்சி வழியாக வந்தவர்தான். குவைத்தில் பத்து வருடம், இங்கே நான்கு வருடம், மூன்று பிள்ளைகள்.

"தங்கச்சி, இங்க எல்லார் பேப்பரையும் பிரிச்சுப் பாத்தா பாதிப் பேர் வீட்டுக்குப் போகணும்" என்றார். "நான் பாக்காத பிளான்ட்ல ரெண்டு வருஷம் இருந்ததா என் பேப்பர்லயும் இருக்கு. வந்து கத்துக்கிட்டேன். நீயும் கத்துக்க."

"உங்க மீட்டர் தப்பாக் காட்டினா மாத்திக்கலாம் பாய். இதுல கேஸ் நிரப்பிட்டா அப்புறம் யாரும் தொட முடியாது."

அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பிள்ளைகளைப் பற்றி, என் அட்டையைப் பற்றி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். கடைசியில், "சொல்றதா இருந்தா சாப்பிட்டுட்டுப் போய்ச் சொல்லு. வெறும் வயித்துல போகாத" என்றார்.

சாப்பிட்டேன். பிறகு டேரனைக் கூப்பிட்டேன். எதையும் அவருக்குத் தெரியாமல் செய்தேன் என்று ஆகக்கூடாது என்பதற்காக. அவர் குரல் முதல்முறையாக மாறியது. நீங்கள் இதைச் சொன்னால் இனி உங்களுக்காக நாங்கள் எங்கும் பேச முடியாது என்றார். எங்களை விட்டுவிட்டு அந்த நிறுவனத்திடம் ஒரு வருடத்துக்கு நேராகவும் வேலை கேட்க முடியாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றார். படித்திருக்கிறேன் என்றேன். பிறகு சேகருக்குப் பேசினேன். அவர் தக்காளிப் பண்ணை ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தார். இயந்திர இரைச்சலுக்கு நடுவில், "மதி, நீ சொல்லிடு. அப்புறம் நடக்கிறதைப் பாத்துக்கலாம்" என்றார்.

ஹென்க்கின் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். அந்தப் பதினெட்டு மாதம் என்னுடையது இல்லை, அதை எழுதியது நான் இல்லை, ஆனால் நேர்காணலில் பார்த்தேன், பார்த்தும் பேசாமல் இருந்தேன். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "எத்தனை இணைப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"பதினொன்று."

அவற்றின் எண்களை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பன்னிரண்டாவதையும் சேர்த்து எல்லாவற்றையும் வேறொருவர் மறுபடி பார்ப்பார் என்றார். பக்கத்தில் நின்று நானும் பார்க்கலாமா என்று கேட்டேன். முடியாது, பொய்யான தகுதியோடு உள்ளே வந்தவரைத் தளத்தில் வைத்திருக்க விதி இடம் கொடுக்காது என்றார். என் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டு வாசல்வரை கூடவே நடந்து வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். சொல்லாமலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தாரோ, முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. கை கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

5

மறுநாள் காலையில் மாடிப்படியில் பக்கத்து வீட்டு அம்மாள் மரியா, வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டச்சில், வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பதற்கான சொல்லைச் சொன்னேன். அவர் முகம் வாடி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ விசாரித்தார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். மதியம் ஒரு பெரிய பாத்திரத்தில் கோழி சூப்போடு வந்து நின்றார். இனியா பள்ளியிலிருந்து வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கும் டச்சில் அதே சொல்தானாம். "உனக்கு ஆபரேஷன்னு நெனச்சுட்டாங்க" என்று இனியா சிரித்தாள். அன்றைக்கு வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். சூப்பை நாங்கள் இரண்டு நாள் குடித்தோம்.

மறுபடி மூன்று மாதக் கணக்கு தொடங்கியது. குடியேற்ற அலுவலகத்தில், பழைய வேலை எந்தத் தேதியில் முடிந்தது என்று ஏஜென்சி எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஆம்ஸ்டர்டாம் நிறுவனத்தைக் கேட்டால், இங்கிலாந்து சொன்னால்தான் தருவோம் என்றார்கள். இங்கிலாந்து பேசவே இல்லை. தினமும் அவர்கள் அலுவலகம் திறக்கும் நேரத்தில் கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னதும் இணைப்பைத் துண்டிப்பார்கள்.

"நான் பேசட்டுமா?" என்று இனியா கேட்டாள். "நீ பேசுற இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியல. அதான் வெச்சுடறாங்க."

"புரியுதுடி. புரியறதாலதான் வெச்சுடறாங்க."

பன்னிரண்டாம் நாள் ஒரு புதுக் குரல் எடுத்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும் போலிருக்கிறது. என் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் கடிதம் வந்துவிட்டது. அதைப் பார்த்து ஆம்ஸ்டர்டாமும் தன் கடிதத்தைத் தந்தது.

அந்த வாரம்தான் இனியாவிடம், வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று சொன்னோம். அவள் அழவில்லை. திருச்சியில் பிறந்து, தோஹாவில் வளர்ந்து, ஏழு வயதில் இங்கே வந்தவள். திருப்பனந்தாள் அவளுக்கு இரண்டு விடுமுறை.

"நீங்க ரெண்டு பேரும் திரும்பிப் போவீங்க. எனக்கு அது திரும்பிப் போறது இல்ல. சும்மா போறது" என்றாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் என்னிடம் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்கு டச்சில் ஒரு சொல், இரண்டு சொல். நான் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் ஹென்க்கிடமிருந்து மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. பதினோரு இணைப்புகளையும் மறுபடி சோதித்தோம். பத்து சரியாக இருந்தன, ஒன்று சரியில்லை, பழுது பார்த்துவிட்டோம். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை எனக்குள் ஒரு சிறு பெருமை இருந்தது. உண்மையைச் சொன்னவள் என்ற பெருமை. அந்த ஒரு எண் அதைத் துடைத்துவிட்டது. சரி என்று நான் கையெழுத்துப் போட்ட இடத்தில் ஓட்டை இருந்திருக்கிறது. பன்னிரண்டாவது இணைப்பில் அந்தக் கோடு எழாமல் இருந்திருந்தால், நான் பேசியே இருக்க மாட்டேன்.

அன்று அம்மாவிடம் பேசும்போது இதைச் சொல்லிவிட்டேன். சம்பா நடவு நேரம். இப்போதும் நடவுக்குப் போகிறார். போகாதீங்க என்றால் கேட்க மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஒண்ண சரி பண்ணிட்டாங்களா?" என்றார்.

"பண்ணிட்டாங்கம்மா."

"சரி" என்றார். பிறகு வாய்க்காலில் தண்ணீர் வரத்து குறைவாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

6

தெரியாததைக் கற்றுக்கொண்டால் தெரிந்துவிடும் என்பது எனக்குத் திருச்சியிலேயே பழக்கம். ஜெர்மனியின் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. நிக்கல் எஃகு இணைப்புகளைச் சோதிக்க இரண்டு வாரப் பாடம். காலையில் முதல் ரயிலைப் பிடித்தால் வகுப்புக்குச் சேர்ந்துவிடலாம். பத்துப் பேரில் நான் ஒருத்திதான் பெண். என்னைவிட எல்லோரும் இளையவர்கள். செய்முறைத் தேர்வில் ஆறு மாதிரிகளில் இரண்டைத் தவறாகப் படித்தேன். தோல்வி. பத்து நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அவர்களுடைய பழைய மாதிரித் துண்டுகளில் பயிற்சி செய்ய அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். எங்கே ஒலி வளைகிறது, எங்கே நிஜமாகவே திரும்பி வருகிறது என்பது மெல்ல மெல்லக் கண்ணுக்குப் பிடிபட்டது. இரண்டாவது முறை ஆறும் சரி.

விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். ஒரே பக்கம். மேலே 'செய்தவை'. கீழே 'செய்யாதவை'. குளிர்த் தொட்டியில் தனியாக வேலை செய்ததில்லை, அணுமின் நிலையத்தில் வேலை செய்ததில்லை, நிக்கல் எஃகில் பயிற்சி உண்டு, களத்தில் பதினொரு இணைப்புகள், அவற்றில் ஒன்று தவறு என்று எழுதினேன். பெயர் வளர்மதி, சுருக்க வேண்டாம் என்றும் எழுதினேன். சேகர் படித்துவிட்டு, அந்தத் தவறு பற்றிய வரி வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

ஐந்து நாடுகளில் உள்ள ஏஜென்சிகளுக்கு அனுப்பினேன். பெரும்பாலும் பதிலே இல்லை. ஒருவர் மட்டும், கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள் என்று அன்பாக எழுதினார். மற்றொருவர் கூப்பிட்டு, உங்கள் பழைய விண்ணப்பம் எங்களிடம் இருக்கிறது, அதுவே நன்றாக இருக்கிறதே என்றார். டேரனின் நான்கு பக்கம்தான் அது. ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அழித்துவிடச் சொல்லிக் கூப்பிட்டவருக்கு எழுத்தில் அனுப்பினேன். யாரிடமெல்லாம் அது இருக்கிறது என்று தெரிந்ததோ, எல்லோருக்கும் அனுப்பினேன்.

எழுபதாவது நாள் நாசர் பாய் ஒரு எண்ணை அனுப்பினார். ஜெர்மனியில் சின்ன ஏஜென்சி, சபீனா என்று ஒரு அம்மா, விசாரித்துப் பார், என் பெயரைச் சொல் என்று எழுதியிருந்தார். அதோடு இன்னொரு வரி: நானும் என் பேப்பரை அவங்ககிட்ட புதுசாக் கொடுத்திருக்கேன்.

சபீனா கூப்பிட்டபோது என் பக்கத்தை முழுவதும் படித்திருந்தார். அந்த ஒரு தவறைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார். எந்தக் கோணத்தில் பார்த்தீர்கள், எந்தக் கருவி, இப்போது அதே இணைப்பைக் கொடுத்தால் எப்படிப் பார்ப்பீர்கள். பிறகு, நெதர்லாந்தின் வடக்கே ஒரு மாவுச்சத்து ஆலையில் குழாய் வேலை இருக்கிறது, இன்னொரு சோதனையாளருக்குக் கீழே உதவியாளர் நிலை, உங்கள் அனுபவத்துக்கு அது சிறியது என்றார். இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். எண்பத்து நான்காவது நாள் அந்த ஒப்பந்தத்தைக் குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்தேன். திங்கள் முதல் வெள்ளிவரை அங்கேயே தங்க வேண்டியிருந்தது. பதினோரு மாதம் அப்படிப் போனது. இனியா மறுபடி தமிழில் பேச ஆரம்பித்தது அந்த மாதங்களில்தான். போனில் அவளுக்கு அது சுலபமாக இருந்தது போலிருக்கிறது. டச்சுக்கு நடுவில் தமிழ், தமிழுக்கு நடுவில் டச்சு. நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

7

இப்போது தெற்கே, கடலோரத்தில் ஒரு குளிர்த் தொட்டியில் இருக்கிறேன். சபீனா வழியாகத்தான். முதல் ஆறு மாதம் மூத்தவர் ஒருவர் பார்வையில் வேலை செய்தேன். பிறகு தனியாகக் கையெழுத்திட அனுமதி கொடுத்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு இணைப்பில் கோடு எழுந்தது. கருவியை மாற்றி, இரண்டு பக்கமிருந்தும் பார்த்தேன். உலோகத்தின் மணி இல்லை. பழுது பார்க்க வேண்டும் என்று எழுதினேன். அந்த இணைப்பு உள்சுவரில் உயரத்தில் இருந்தது. வெட்டித் திறந்தால் சாரத்தை மறுபடி கட்ட வேண்டும், அந்த வாரத் திட்டமே தள்ளிப்போகும். கட்டுமான மேலாளர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் ஜெர்மனியிலிருந்து போன் வந்தது.

"இன்னொரு முறை பார்க்கச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதைத்தான் அவர்களிடம் சொல்வேன்" என்றார் சபீனா.

மேலே ஏறி மறுபடி பார்த்தேன். அதே இடம், அதே நீளம். வெட்டித் திறந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் போனால் இந்த ஒப்பந்தம் அத்தோடு முடியும் என்று தெரியும். அன்றைக்குப் பழைய அட்டைதான் கையில் இருந்தது. கீழே இறங்கி, பழுது என்றே சொன்னேன்.

மறுநாள் காலையில் சாரம் கட்டினார்கள். மேலாளர், இரண்டு பொறியாளர்கள், பற்றவைத்த போர்த்துக்கல்காரர் தியாகோ எல்லோரும் நின்றார்கள். அரைக்கும் கருவி உலோகத்தைச் சீவிக்கொண்டே போனது. முதல் அடுக்கில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இல்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுதியிருந்த ஆழம்வரை போங்கள் என்றேன். என் குரல் நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. நான்காவது அடுக்கில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். ஒட்டாமல் விடுபட்ட இடம்.

மேலாளர் குனிந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். தியாகோ அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு, அதைப் புதிதாகப் பற்றவைக்கத் தொடங்கினார். நான் கூழ் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த இணைப்புக்குப் போனேன்.